பால்வாடியா, ஆயாவா, எல்.கே.ஜி.யா? பாம்பன் முதல் தொண்டி வரை ஒரு மதிப்பீடு

பிள்ளையை எங்கே விடுவது என்று விசாரிக்கும்போது எல்லாரும் முதலில் கேட்பது, "அங்கே நல்லாச் சொல்லிக் கொடுக்கிறாங்களா?" என்றுதான். ராமநாதபுரம் கரையில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்?

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். மாதத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் வேலை. அந்தப் பன்னிரண்டு நாளும் கடல் வைக்கும் நேரம்தான் நேரம். ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வருவதால், மீன் பிரிக்கவும் ஏலத்துக்கும் போகிறவர்களுக்கு இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். நண்டு உடைக்கும் கம்பெனியில் சரக்கு வந்து இறங்கும் நேரம்தான் வேலை நேரம். கீழக்கரையில் வாப்பா வளைகுடாவில் இருப்பார், வீட்டில் பெரியவர்கள் உண்டு, ஆனால் ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட அவர்களால் முடியாது. ராமநாதபுரம் டவுனில் கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போகிற வீட்டுக்கு ஒன்பதிலிருந்து ஆறு வரை ஆள் வேண்டும். இந்த ஐந்து வீட்டுக்கும் ஒரே விடை கிடையாது. தெருவில் ஒரு வீடு ஆயா வைத்திருக்கிறது, பக்கத்து வீடு பால்வாடிக்கு அனுப்புகிறது, எதிர்வீடு மூன்று வயதிலேயே வேனில் ஏற்றிவிடுகிறது என்றால் அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்தும் கொடுக்காமலும் வாங்குகிற ஒவ்வொரு சேவையிலும் உண்மையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறோமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பால்வாடியிலிருந்து தொடங்கலாம். பலகையில் "குழந்தைகள் மையம்" என்று இருக்கும், காகிதத்தில் அங்கன்வாடி, வாயில் எப்போதும் பால்வாடிதான். இதை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளுக்கும் மதியச் சோறு வந்தது. இன்றும் இந்தச் சேவையின் ஆகப் பெரிய பலம் அந்தச் சோறுதான். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மதியம் சூடான கலவை சாதம், வாரத்துக்கு மூன்று முட்டை. ஆறு மாதம் முடிந்து மூன்று வயதாகாத பிள்ளைக்கு வீட்டுக்கே சத்துமாவுப் பாக்கெட். கடலோரக் காற்றின் ஈரத்தில் அந்த மாவு பிரித்த சில நாளிலேயே கட்டி பிடிக்கும், வாடையும் மாறும். பாக்கெட்டைப் பிரித்த அன்றே காய்ந்த எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக்கி மூடுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி தாண்டியிருந்தால் வாங்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

காசு வாங்கும் எந்த இடத்திலும் கிடைக்காத ஒன்று பால்வாடியில் கிடைக்கிறது: மாதாமாதம் எடை. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆண் பிள்ளைக்கு நீலம். அட்டையில் உள்ள கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். பிள்ளை ஒல்லியா குண்டா என்று கண்ணால் பார்ப்பதைவிட, கோடு போகும் திசை அதிகம் சொல்லும். ஒரு மாதம் காய்ச்சலில் இறங்குவது சகஜம். இரண்டு மூன்று மாதம் கோடு படுத்தே கிடந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். மேல்கைச் சுற்றளவை அளக்கும் நாடாவும் அங்கே உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அது 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தனியார் நர்சரிக்கு அனுப்பும் பெற்றோரும் இந்த எடை பார்க்கும் உரிமையை விட்டுவிட வேண்டாம். பதிவு செய்துகொண்டால் போதும், தினமும் பிள்ளையை விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இனி குறைகள். விடிகாலைக்குத் திறக்காது, மாலை நாலு மணிக்கு மேல் அங்கே ஆள் இருக்காது. மே மாதத்தில் விடுமுறை உண்டு, எத்தனை நாள் என்பதை அந்தந்த ஆண்டு அரசு அறிவிக்கும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு இதில் சிரமம் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தகப்பன் கரையில் இருப்பார். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை, அந்த வீடுகள் மே மாதத்துக்கு முன்கூட்டியே வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை ஆள் பற்றாக்குறை. ஒரே டீச்சர் இரண்டு மையங்களுக்குக் "கூடுதல் பொறுப்பு" பார்ப்பார், உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும். இதற்கு மேல் வாக்காளர் பட்டியல் வேலை, கூட்டம், செல்போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் பதிவு. டீச்சர் கெட்டிக்காரராக இருந்தும் பாட்டும் கதையும் நின்றுபோகும் மையங்களில் பெரும்பாலும் காரணம் இதுதான். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சேர்க்கும் முன் நேரடியாகவே கேளுங்கள்: "டீச்சர், உங்களுக்கு வேற சென்டரும் இருக்கா? நீங்க அங்க போற அன்னைக்கு இங்க யாரு இருப்பா?" இதற்குத் தெளிவான பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பார்க்கப் போகிற நேரம் முக்கியம். காலை பத்து மணிக்குப் போனால் எல்லா மையமும் ஒழுங்காகத்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்குச் சொல்லாமல் போங்கள். பிள்ளைகள் கைகழுவிவிட்டு உட்காருகிறார்களா, அடுப்பும் சிலிண்டரும் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்ளேயே இருக்கின்றனவா, அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுச் சாமான் பிளாஸ்டிக் உறை பிரியாமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் அங்கே முன்பருவக் கல்வி நடக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். முனை மழுங்கிய கிரேயானும் கிழிந்த படப் புத்தகமும் தரையில் கிடக்கும் மையத்தில் பிள்ளைகள் உண்மையிலேயே விளையாடுகிறார்கள்.

அண்ணாந்தும் பாருங்கள். இந்தக் கரையில் உப்புக் காற்று காங்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். கூரையில் பழுப்புக் கோடும் வீங்கிய இடமும் தெரிந்தால் அதன் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்கக் கூடாது. ஊராட்சி அலுவலகத்திலும் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது மழைக்காலம் வருவதற்குள் மறந்துபோகும்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பால்வாடி, ஆயா, நர்சரி எல்லாவற்றுக்கும் பொது. கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் தினமும் வராத தெருக்களில் டிரம்மில் பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். ஆகவே கைக்குழந்தையின் பால் பவுடரை உப்புத் தண்ணீரில் கலக்கவே கூடாது. வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கும் இதே விதி. பெரிய பாக்கெட் ஒன்று சரியாக ஒரு லிட்டர் நல்ல குடிநீருக்கு அளந்தது. உப்புத் தண்ணீரில் கரைத்தாலோ, அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தாலோ உடம்பில் உப்பு கூடிப் பிள்ளைக்கு ஆபத்தாகும். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இதை ஒருமுறை கலந்தே காட்டுங்கள், ஒரு லிட்டர் பாட்டிலையும் எடுத்துக் கொடுங்கள். டிரம்மைப் பொறுத்தவரை, மூடி மேல் கல் வைத்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை தலைகுப்புற விழ அரை டிரம் தண்ணீர் போதும், சத்தம்கூட வெளியே கேட்காது.

ஆயா வைப்பதென்றால் இங்கே பெரும்பாலும் ஏஜென்சி எதுவும் கிடையாது. தெருவில் உள்ள ஒரு அத்தை, ஒரு அக்கா, கணவரை இழந்த ஒரு பெரியம்மா. உறவு சொல்லிக் கூப்பிடுவதால் கூலி பேசக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் பிறகு சண்டையாகிறது. ஓர் உதாரணக் கணக்கு: மாதம் 6,000 ரூபாய் என்று பேசி, 26 நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் மணிக்கு 23 ரூபாய்தான் விழுகிறது. 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு மணிக் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோதே அது முப்பது ரூபாய்க்கு மேல். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். குறைத்துக் கொடுத்தால் அவர் இரண்டாவது வீடு பிடிப்பார், உங்கள் பிள்ளையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பார்.

பிள்ளை பார்க்கிற வேலை வேறு, வீட்டு வேலை வேறு. இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தால் பிள்ளை டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். துணி துவைப்பது, மீன் கழுவுவது எல்லாம் உண்டா இல்லையா, பாசி நாட்களில் விடியுமுன் வர வேண்டுமா, அந்த நாட்களுக்குத் தனிக் கூலியா என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே பேசி, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பன்னிரண்டு நாள் மட்டும் ஆள் வேண்டும் என்கிற பாசி எடுக்கும் வீடுகளுக்கு மாதச் சம்பளம் கட்டாது. ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரு வயதான பெண்மணிக்கு நாள் கூலி கொடுப்பதுதான் சரிப்படும். அப்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலு பேருக்கு மேல் அவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

எங்கே தவறு நடக்கிறது என்றால், தூளியில், பாலில், தூக்கத்தில். தூளியைத் தரைக்கு ஓர் அடி உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது, கீழே பாய் விரித்திருக்க வேண்டும். பிள்ளை குப்புற விழுந்து எழுந்திருக்கப் பழகியபின் தூளியில் தனியாக விடக் கூடாது, பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடவும் கூடாது, கழுத்தில் சுருட்டிக்கொள்ளும். தாய்ப்பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க: 25 டிகிரிக்குள் உள்ள அறையில்தான் நாலு மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும். புட்டியைவிடப் பாலாடைச் சங்கு நல்லது, கொதிநீரில் கழுவுவது எளிது. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் தடவ வேண்டாம். தூங்கவைக்க இருமல் மருந்து, சளி மருந்து கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் தூங்கினால், எழுப்பினாலும் சொக்கிக் கிடந்தால், மருந்துப் பாட்டிலைத் தேடுங்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் வசதியான வீடுகளில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006லேயே தடை செய்யப்பட்டது, 2016இல் சட்டம் இன்னும் இறுகியது. சட்டத்தை விடுங்கள், பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்துத்தான் நம் பிள்ளைக்குத் தாலாட்டு வாங்குகிறோம். அதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

தனியார் நர்சரி, எல்.கே.ஜி. விஷயத்தில் பெற்றோர் வாங்குவது ஆங்கிலம். அதில் தவறில்லை. ஆனால் அங்கே பராமரிப்பும் சேர்ந்து கிடைக்கும் என்று நினைத்துப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு விரல் எலும்பும் பிடியும் பென்சிலுக்குத் தயாராகியிருக்காது. நாலுகோடு நோட்டில் பக்கம் பக்கமாக 'ஏ' எழுதச் சொல்லும் இடத்தில், பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்துப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது கடினம். அந்த வயதுக்கு மணல், களிமண், தடித்த கிரேயான், கிழிக்க ஒரு பேப்பர், மணி கோக்க ஒரு கயிறு போதும். மணலுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. சேர்க்கும் முன் யு.கே.ஜி. பிள்ளைகளின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி அச்சடித்தது போன்ற எழுத்து இருந்தால், டீச்சர் கையைப் பிடித்து எழுத வைக்கிறார் என்று அர்த்தம்.

கட்டணம் எவ்வளவு என்று வாயால் கேட்டுப் பயனில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது, அந்தத் தொகையைக் கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். நன்கொடை வாங்குவதையும், சேர்க்கப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. கட்டடத்தில் கீற்றுக் கொட்டகை, ஓலைச் சாய்ப்பு எதுவும் வகுப்பறையை ஒட்டி இருக்கக் கூடாது. 2004இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். பனையோலை மலிவாகக் கிடைக்கும் மாவட்டம் என்பதால் இங்கே இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

வேன் மஞ்சள் நிறமா, பிள்ளையை ஏற்றி இறக்க உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழிக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா. கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிள்ளை தானாகக் கடக்கும்படி எதிர்ப்பக்கம் இறக்கிவிடும் வேன் வேண்டவே வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர 25 சதவீத இடஒதுக்கீடு எல்.கே.ஜி.யிலிருந்தே உண்டு. வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். ஜூலை 31 அன்று பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். இந்தக் கரையில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் விண்ணப்பித்து அலைந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்: கிறிஸ்தவ, முஸ்லிம் நிர்வாகங்கள் நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இந்த ஒதுக்கீடு பொருந்தாது. தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் அருகே இருக்கும் தனியார் பள்ளி சிறுபான்மைப் பள்ளியா என்று முதலிலேயே விசாரியுங்கள். 2025இல் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஆகவே இதை மட்டும் நம்பி ஜூனில் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

ஆங்கிலமும் வேண்டும், கட்டணமும் கூடாது என்றால், 2019இல் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் அது இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் இருக்கும் இடத்தில் அது பரவாயில்லை என்பதற்கும் மேல்.

எங்கள் தீர்ப்பு இது. ஐந்து வயது வரை, டீச்சர் இருந்து நடத்தும் பால்வாடி, மலிவான எல்.கே.ஜி.யைவிட மேல். விடிகாலையையும் மாலையையும் சம்பளத்துக்கு வைத்த ஆளைக் கொண்டு அடைத்துக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பு வந்ததும் கணக்கு மாறும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவு கிடைக்கிறது. தாய் ஏலத்துக்குப் போய்விட்ட வீட்டில் அந்த உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் விலை வைக்க முடியாது. ஆறாம் வகுப்பில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் அந்த ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. ஏழாம் வகுப்பில் மாற்றினால் அந்தத் தகுதி கைநழுவலாம். தனியார் பள்ளி பாக்கி காட்டி டி.சி.யை நிறுத்தி வைத்தாலும், எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் காலையிலும் மாலையிலும் பிள்ளை குர்ஆன் ஓதப் போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு ஓதும் இடம், பள்ளி, டியூஷன் மூன்றும் ஒரே நாளில் தாங்காது. விடவேண்டியது டியூஷனை.

எந்த இடமானாலும் முதல் வாரம் அவசரம் கூடாது. முதல் இரண்டு நாள் தாயோ பாட்டியோ ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கட்டும். மூன்றாம் நாள் அரை மணி நேரம் வெளியே போய் வரட்டும். நாலாம் நாள் சோறு வரைக்கும், ஆறாம் நாள் தூக்கம் வரைக்கும். பிள்ளை பார்க்காதபோது நழுவி ஓடாதீர்கள், "அம்மா போயிட்டு முட்டை சாப்பிடுற நேரத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாருங்கள். வீட்டில் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி ஏதும் இருந்தால் கூடவே அனுப்புங்கள். கால் மணி நேர அழுகை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. மூன்று வாரம் கழிந்தும் அங்கே சோறு இறங்கவில்லை, ராத்திரி திடுக்கிட்டு எழுகிறது, நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது என்றால், கட்டிய பணத்தைப் பார்க்காமல் இடத்தை மாற்றுங்கள்.